எண்ணத்தைக் கவனிக்கிறவனும் ஓர் எண்ணம்தானா?

பொங்கோல்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ரமணர் காட்டிய ஆன்ம விசாரத்தைச் சில காலமாகச் செய்துவருகிறேன். காலையில் வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் உட்காருவேன். எண்ணம் எழுந்ததும் ‘இது யாருக்கு?’ என்று கேட்பேன். ‘எனக்கு’ என்று உள்ளே பதில் வரும். ‘நான் யார்?’ என்று திரும்புவேன். இதுவரை பிரச்சினை இல்லை.

அதற்கப்புறம்தான் சிக்கல். உள்ளே ஒருவன் தனியாக நின்றுகொண்டு, ‘நான் இந்த எண்ணங்களைக் கவனிக்கிறேன், இவை நான் அல்ல’ என்று ஓயாமல் சொல்கிறான். எண்ணம் குறைந்த நாளில் அவனுக்குப் பெருமை, அலைமோதிய நாளில் அவனுக்குச் சோர்வு. பழைய ‘நான்’ கிளம்பிப் போய்ப் புதிய ‘நான்’ குடிவந்த மாதிரிதான் தெரிகிறது.

அலுவலகத்திலும் இதேதான். கூட்டத்தில் யாராவது என் அறிக்கையைக் குறை சொன்னால் கோபம் வருகிறது. ‘இந்தக் கோபம் நான் அல்ல’ என்று உள்ளே சொல்லிக்கொள்கிறேன். தாடை என்னவோ இறுகியபடியே இருக்கிறது. ரயிலில் பொங்கோல் வந்து சேரும்வரை அந்த வாக்குவாதம் மண்டைக்குள் ஓடுகிறது. எண்ணத்தோடு ஒட்டாமல் இருப்பது நிஜத்தில் எப்படி நடக்கிறது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தை_ஜின்_ரோடு

பாலஸ்டியர் பக்கம் தை ஜின் ரோட்டில் இருக்கும் பர்மியப் புத்தர் கோயிலுக்குப் போய் வருகிறவன் நான். பர்மியத் துறவி மகாசி சயாடோ வகுத்த முறையில் உட்காருகிறேன். அதில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பது அடிப்படை. மனம் நினைக்கப் போனால் ‘நினைப்பு, நினைப்பு’ என்று மனத்துக்குள் குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்புவோம். என்ன நினைத்தோம், ஏன் நினைத்தோம் என்று துருவுவது கிடையாது.

உங்கள் கேள்விக்கு அங்கே நேரான பதில் உண்டு. ‘நான் கவனிக்கிறேன்’ என்று ஒருவன் சொல்கிறான் அல்லவா? அதுவும் நினைப்புதான், அதையும் குறியுங்கள். பெருமை வந்தால் ‘பெருமை’, சோர்வு வந்தால் ‘சோர்வு’. யாருக்கும் விதிவிலக்கு இல்லை. புத்தர் தம் முதல் ஐந்து சீடர்களுக்குச் சொன்ன அநாத்ம (ஆன்மா இல்லை என்ற) உபதேசத்தில் உருவம், வேதனை (நுகர்ச்சி), சஞ்ஞை (அடையாளம் காணல்), சங்காரம் (மனத்தின் தூண்டல்கள்) என்று வரிசையாக எடுத்து, கடைசியில் விஞ்ஞானத்தையும், அதாவது அறியும் உணர்வையும் சேர்க்கிறார். இது என்னுடையது அல்ல, இது நான் அல்ல, இது என் ஆன்மா அல்ல என்று ஐந்துக்கும் ஒரே தீர்ப்பு. அறிகிற அறிவையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இன்னொன்று. தாடை இறுகியிருப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. விபாசனா ஆசிரியர் கோயங்கா வழியில் பத்து நாள் முகாம் இருந்தவர்களைக் கேளுங்கள், எண்ணத்தை விட்டுவிட்டு உடலில் எழும் உணர்ச்சியைத்தான் பார்க்கச் சொல்வார்கள். ‘கோபம் நான் அல்ல’ என்ற வாக்கியத்தைத் தாடை ஏற்றுக்கொள்ளாது. இறுக்கத்தை இறுக்கமாகவே, அதை விரட்ட நினைக்காமல், அது மாறும்வரை பாருங்கள். அப்போது கோபத்தின் கதை தானாகவே மெலியும்.

பார்ட்லி_மாணவி

பார்ட்லி சாலை ராமகிருஷ்ண மிஷனில் சொற்பொழிவு கேட்கப் போகிறவள். தை_ஜின்_ரோடு சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிக்குப் பிறகு வருகிறேன்.

பொங்கோல்வாசி அண்ணா, ‘நான் யார்?’ என்ற சிறு நூல் எப்படி வந்தது என்று பாருங்கள். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் அதற்கு மூலம். அதில் அவர் சொல்லும் விசாரம் வாயாலோ மனத்தாலோ திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம் இல்லை. எண்ணங்களில் எல்லாம் முதலாவது ‘நான்’ என்னும் எண்ணம், மற்றவை அதன் பின்னால்தான் எழுகின்றன என்கிறார். ‘யாருக்கு?’ என்று கேட்பது பதில் வாங்குவதற்காக அன்று. வெளியே ஓடிய கவனத்தை அந்த ‘எனக்கு’ என்ற உணர்வின் பக்கம் திருப்புவதற்காக. திரும்பியதும் கேள்வியின் வேலை முடிந்தது.

நீங்கள் செய்வது என்னவென்றால், திரும்பிய பிறகும் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். ‘எனக்கு’ என்ற பதில் வந்ததும் அடுத்த வாக்கியத்துக்குப் போகாமல், அந்த ‘எனக்கு’ என்பது எங்கே எப்படி உணரப்படுகிறது என்று அங்கேயே நின்று பாருங்கள். வாக்கியத்துக்குப் போன உடனே மறுபடி எண்ணத்தோடு சேர்ந்துவிட்டோம்.

பதஞ்சலியும் இதைத்தான் தம் யோக சூத்திரத்தின் தொடக்கத்திலேயே வைக்கிறார். இரண்டாவது சூத்திரம், சித்த விருத்திகள், அதாவது மனத்தில் எழும் அலைகள், அடங்குவது யோகம். மூன்றாவது, அப்போது காண்பவன் தன் இயல்பில் நிற்கிறான். நாலாவது, மற்ற வேளைகளில் காண்பவன் விருத்தியின் வடிவையே தன் வடிவாகக் கொள்கிறான். உங்கள் கேள்வி முழுவதும் அந்த நாலாவது சூத்திரத்தில் இருக்கிறது. எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்து வருகிறது. விருத்திகளை ஐந்தாகப் பிரிக்கும்போது பிரமாணம், அதாவது சரியான அறிவு, அதுவே முதல் விருத்தி! பிழையான எண்ணத்தோடு மட்டும்தான் ஒட்டக்கூடாது என்று இல்லை. ‘நான் சாட்சி’ என்ற சரியான எண்ணத்தோடும் ஒட்டிக்கொள்ள முடியும்.

துவாஸ்_தம்பி

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நான் துவாஸ் பக்கம் விடுதியில் தங்கி வேலை செய்கிறேன். அறையில் 12 பேர். அமைதியான காலைப்பொழுது என்று ஒன்று எங்களுக்கு இல்லை. லாரி வருவதற்கு முன் படுக்கையிலேயே கண்ணை மூடி உட்காருவேன், அவ்வளவுதான்.

என் கேள்வி வேறு. இங்கே வருவதற்கு ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு ஊரில் வட்டி ஓடுகிறது. தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். கண்ணை மூடினால் இந்த எண்ணம்தான். ‘இந்த எண்ணம் நான் அல்ல’ என்று விடச் சொல்கிறீர்கள். சரி, எண்ணம் நான் அல்ல. ஆனால் கடன் என்னுடையதுதானே? அதை நினைக்காமல் விட்டால் பொறுப்பைக் கைகழுவியது போல ஆகாதா? வசதியாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தியானமா என்று சில நாள் தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

ஈசூன்_பெரியவர்

துவாஸ் தம்பியின் கேள்விதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி. அதற்குச் சரியாகப் பதில் சொல்லாத எந்தச் சாதனையும் எனக்கு வேண்டாம்.

நான் சைவ சித்தாந்தம் பயின்றவன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞான போதத்தைத் தந்தார். அந்த வழியில் உயிரின் இயல்பை ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்பார்கள். உயிர் எதைச் சார்கிறதோ அதுவாகவே தன்னை நினைக்கும். உடம்பைச் சார்ந்தால் ‘நான் கறுப்பு, நான் கிழவன்’. மனத்தைச் சார்ந்தால் ‘நான் கோபக்காரன், நான் கடன்காரன்’. உடம்பும் மனமும் உலகமும் ஆகியிருக்கும் முப்பத்தாறு தத்துவங்களையும் இன்னது இன்னது என்று காண்பது தத்துவ ரூபம், அவை அறிவற்ற சடம் என்று தெளிவது தத்துவ தரிசனம், அவற்றிலிருந்து நீங்குவது தத்துவ சுத்தி. மனமும் புத்தியும் அகங்காரமும் அந்த முப்பத்தாறில்தான் வருகின்றன. ஆக, எண்ணத்தை ‘நான்’ என்று கொள்ளாதிருப்பது எங்கள் வழியில் பத்துப் படிகளில் முதல் மூன்று மட்டுமே.

அப்புறம் என்ன என்பதில்தான் நாங்கள் மற்றவர்களிடமிருந்து பிரிகிறோம். உயிர் எதையும் சாராமல் தனியே நிற்காது. எண்ணத்தை விடு என்றால் வேறு எண்ணத்தைப் பிடிக்கும். பொங்கோல்வாசி தம்பிக்கு நடந்ததும் அதுதான், எண்ணத்தை விட்டுக் கவனிக்கிறவனைப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் ஒன்பதாம் சூத்திரத்தில் ஐந்தெழுத்தை எண்ணச் சொல்கிறார் மெய்கண்டார். பாசத்தை (உயிரின் கட்டை) விடுவதும் பதியை (இறைவனை) பற்றுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இப்போது துவாஸ் தம்பிக்கு. பத்தாம் சூத்திரத்தில் ‘இறைபணி நிற்க’ என்கிறார். ஓடிப்போகச் சொல்லவில்லை, பணியில் நிற்கச் சொல்கிறார். கடனை அடைப்பது உமக்கு வந்திருக்கும் பணி. மாதாமாதம் பணம் அனுப்புவதும், ஊரில் பேசி வட்டியைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதும், கூடுதல் நேர வேலைக் கணக்கைச் சரிபார்ப்பதும் அதில் அடங்கும். இவற்றுக்கு எண்ணம் தேவை, நன்றாக எண்ணும். ஆனால் ‘நான் கடன்காரன், நான் தோற்றவன், தங்கைக்கு என்னால் ஒன்றும் ஆகாது’ என்று இரவில் ஓடுகிறதே, அது ஒரு வெள்ளியைக்கூட அடைக்காது. முதலாவது பணி, இரண்டாவது ஆணவம். ஆணவம் என்றால் செருக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். ‘நான் கேடுகெட்டவன்’ என்று தன்னையே சுற்றிச் சுற்றி வருவதும் உயிரை மறைக்கும் அந்த மலத்தின், அதாவது அழுக்கின், வேலைதான்.

பார்ட்லி_மாணவி

ஐயா, கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நன்றி.

துவாஸ் தம்பிக்கு ரமணர் பக்கமிருந்தும் ஒரு பதில் இருக்கிறது. ‘நான் யார்?’ நூலிலேயே வருகிறது. புகைவண்டி எல்லாப் பாரத்தையும் சுமந்துகொண்டு போகிறது என்று தெரிந்தும், அதில் ஏறிய நாம் நம் சிறு மூட்டையை இறக்கி வைக்காமல் தலையில் சுமந்துகொண்டு ஏன் அவதிப்பட வேண்டும் என்று கேட்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, மூட்டையை ஜன்னல் வழியாக எறியச் சொல்லவில்லை. மூட்டையும் நம்மோடுதான் வருகிறது, ஊர் போய்ச் சேர்கிறது. தலையிலிருந்து இறங்குகிறது, அவ்வளவே.

அவர் வாழ்ந்த விதமும் அப்படித்தான். 1896இல் பதினாறு வயதில் மதுரையில் அந்த மரண அனுபவம் வந்து, திருவண்ணாமலைக்குப் போய், 1950இல் உடலை விடும்வரை அங்கேயே இருந்தார். ஆசிரமம் வளர்ந்த பிறகு விடியுமுன் சமையல்கட்டில் காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். செய்தித்தாளும் படிப்பார். உப்பு எவ்வளவு என்ற எண்ணம் இல்லாமல் சமைக்க முடியுமா? எண்ணம் இருந்திருக்கும். ‘நான் சமைக்கிறேன்’ என்பதுதான் இருந்திருக்காது.

துவாஸ்_தம்பி

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ‘பணி வேறு, ஆணவம் வேறு’ என்பது புரிகிறது. இன்றைக்கு லாரியில் போகும்போது அதைப் பிரித்துப் பார்க்க முயன்றேன். கணக்குப் பார்க்கிற எண்ணம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மற்றதுதான் முடிவே இல்லாமல் ஓடுகிறது.

தாதி_இரவுப்பணி

மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சில் வழக்கமாக விட்டுப்போகும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பயங்கரமான எண்ணங்கள் வருகிற சிலர் இந்த இழையைப் படிக்கலாம். குழந்தையைத் தூக்கியிருக்கும்போது கீழே போட்டுவிடுவோமோ, ரயில் வரும்போது பக்கத்திலிருப்பவரைத் தள்ளிவிடுவோமோ, சாமி சந்நிதியில் ஆபாசமான நினைப்பு வருகிறதே, நான் எவ்வளவு மோசமானவள் என்று குமைபவர்களை வார்டில் பார்க்கிறேன். 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். எண்ணச் சுழற்சி நோய் (OCD) உள்ளவர்களுக்கு வருகிற அதே மாதிரி எண்ணங்கள் நோய் இல்லாதவர்களுக்கும் வருகின்றன என்று காட்டினார்கள். நோயாளிக்கு அவை அடிக்கடி வருகின்றன, அதிகம் வதைக்கின்றன, விரட்டக் கடினமாக இருக்கின்றன. எண்ணத்தின் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, வருகிற எண்ணத்தை வைத்து ‘நான் இப்படிப்பட்டவள்’ என்று முடிவுகட்டுவது மருத்துவப்படியும் சரியில்லை.

அதேபோல் விரட்டவும் கூடாது. 1987இல் வெக்னர் என்ற உளவியலாளர் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிச் சோதித்தார். அடக்கச் சொன்னபோதும் அது வந்தது. அடக்கியவர்களுக்குப் பிறகு இன்னும் கூடுதலாகவே வந்தது. ‘எண்ணத்தை விடு’ என்பதை ‘எண்ணத்தைத் துரத்து’ என்று புரிந்துகொள்கிறவர்கள் இதனால்தான் களைத்துப் போகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நடப்பதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நடப்பது போல, கை கால் தன்னுடையது இல்லாதது போல, பெற்ற பிள்ளையைப் பார்த்தாலும் மரத்துப்போனது போல இருந்தால், அதைச் சாட்சி நிலை என்று கொண்டாட வேண்டாம். அது வேறு. அப்போது உட்காருவதை நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். எண்ணத்தோடு ஒட்டாதவர் மனிதர்களோடு இன்னும் நெருங்கி வருவார். நான் மதிக்கிற சாதகர்கள் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

மட்டுறுத்துநர்

தாதி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதைத் தனியாக உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்க வேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. இழை தொடரட்டும்.

பிஎஸ்எல்இ_அம்மா

நான் தியானமெல்லாம் செய்கிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவேன், அவ்வளவுதான். ஆனால் ‘சார்ந்ததன் வண்ணம்’ என்று ஐயா எழுதியதைப் படித்ததும் மகளின் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, ஞாபகம் வந்தது. பழைய மதிப்பெண்ணை எடுத்துவிட்டு 2021 முதல் தரநிலை முறை கொண்டுவந்தார்கள், நாலு மிகச் சிறந்தது, முப்பத்திரண்டு கடைசி. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறையும் என்றார்கள். எங்கள் புளோக்கில் அந்த எண் வந்த நாளில் ஒவ்வொரு அம்மாவும் அந்த எண்ணாகவே மாறியிருந்தாள். நடை மாறியது, மின்தூக்கியில் பேசுகிற குரல் மாறியது. பிள்ளைகூட அவ்வளவு மாறவில்லை.

கேட்க நினைப்பது இதுதான். எண்ணம் நான் அல்ல என்று கண்ணை மூடிப் பார்ப்பது ஒருபுறம். பிள்ளை, வீடு, மரியாதை எல்லாவற்றையும் ‘நான்’ என்று கட்டி வைத்திருக்கிறோமே, அதை எப்படி அவிழ்ப்பது?

ஈசூன்_பெரியவர்

அதற்குத் தனியாக வேறு வழி தேவையில்லை, அம்மா. பிள்ளை நேரடியாக உங்களுக்குள் வந்து உட்காரவில்லை. ‘என் பிள்ளை இவ்வளவுதான் எடுத்தாள்’ என்ற எண்ணமாகத்தான் வந்தது. எண்ணத்தின் முடிச்சு தளர்ந்தால் மற்றதும் தளரும். எண் வந்த அந்த நிமிடத்தில் ‘இது யாருக்கு வலிக்கிறது? அவளுக்கா, எனக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். அவளுக்கு வலித்தால் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு மட்டும் வலித்தால் அதைச் சாமியிடம் வைத்துவிட்டு, அவளுக்குப் பிடித்ததைச் சமையுங்கள்.

காவடி_அடியார்

தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை காவடி எடுப்பவன். நடக்கும்போது எண்ணம் வராமல் இல்லை. வெயில், தோள் வலி, முன்னால் வரிசை ஏன் நிற்கிறது, எல்லாம் வரும். ஆனால் அவற்றைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது, வாயில் முருகன் பெயர் இருக்கும். பெரியவர் சொன்ன ‘ஒன்றைப் பற்றித்தான் மற்றதை விட முடியும்’ என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. காவடியை இறக்கிய மறுநாள் அது நிற்பதில்லை, அதுதான் என் குறை.

தை_ஜின்_ரோடு

பெரியவர் மீது மரியாதையோடு மறுக்கிறேன். உயிர் ஒன்றைச் சார்ந்துதான் நிற்கும் என்றால், திருவடியைச் சார்கிறேன் என்பதும் ஒரு ‘நான்’ ஆகிவிடாதா? ‘நான் பக்தன்’ என்ற எண்ணம் ‘நான் மேலாளர்’ என்ற எண்ணத்தைவிடப் பிடிவாதமானது. கோயில் நிர்வாகச் சண்டைகளில் அதைப் பார்க்கிறோமே.

பார்ட்லி அக்காவுக்கும் அதே கேள்வி. சாட்சி என்று ஒன்றை மிச்சம் வைத்தால் மனம் அங்கே போய் ஒளிந்துகொள்ளும்.

பார்ட்லி_மாணவி

மிச்சம் வைக்கிறோம் என்பது சரி. ஆனால் ஒளிந்துகொள்ள அது ஓர் இடம் இல்லை. காணப்படுவது எதுவும் காண்பவன் ஆகாது என்பதுதான் எங்கள் அளவுகோல். ‘நான் சாட்சி’ என்ற நினைப்பு காணப்படுகிறது, ஆகவே அதுவும் கழிந்தது. ரமணரும் ‘நான் யார்?’ என்ற எண்ணமே மற்ற எண்ணங்களை அழித்துவிட்டுக் கடைசியில் தானும் அழியும் என்கிறார். அதற்குப் பிறகு இருப்பதை நீங்கள் வெறுமை என்கிறீர்கள், நாங்கள் நிறைவு என்கிறோம். இதைப் பேசித் தீர்க்க முடியாது. மிலிந்த மன்னனோடு இதைப் பேசிய பௌத்தத் துறவி நாகசேனர் காலத்திலிருந்து பேசுகிறார்கள்.

ஈசூன்_பெரியவர்

‘நான் பக்தன்’ என்பது பிடிவாதமானது, உண்மை. அதனால்தான் ‘ஏகனாகி’ என்று அந்தப் பத்தாம் சூத்திரத்தில் முன்னாலேயே போட்டு வைத்திருக்கிறார். அவனோடு ஒன்றாகி நிற்கும்போது ‘என் பணி’ என்று சொல்ல ஆள் இருக்கக்கூடாது. சண்டை போடுகிற இடத்தில் நடப்பது இறைபணி இல்லை. தத்துவத்தில் நீங்கள் இருவரும் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் பொங்கோல்வாசி தம்பி நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்பதில் மூவரும் ஒன்றைத்தான் சொல்கிறோம்: பேசுவதை நிறுத்தும்.

பொங்கோல்வாசி

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் மாற்றிச் செய்தேன். கேள்வியை ஒரு தடவை மட்டும் கேட்பது, ‘எனக்கு’ வந்ததும் வாக்கியம் சேர்க்காமல் நிற்பது. அந்த ‘எனக்கு’ என்பதை எனக்குள் தேடினால் பெரும்பாலும் நெஞ்சிலும் தொண்டையிலும் ஓர் இறுக்கமாகத்தான் கிடைக்கிறது. கவனிக்கிறவன் என்று நான் நினைத்தவனும் அதே இறுக்கம்தான். அவனுக்குத் தனி முகவரி இல்லை. இதைப் பார்த்ததும் அவனை விரட்ட வேண்டிய அவசியமும் போய்விட்டது.

அலுவலகக் கூட்டத்தில் நேற்றும் குறை சொன்னார்கள். கோபம் வந்தது, தாடை இறுகியது. ‘நான் அல்ல’ என்று சொல்லவில்லை, தாடையைப் பார்த்தேன். பிறகு அவர் சொன்னதில் பாதி சரி என்று காதில் விழுந்தது. முன்பெல்லாம் அதுவே விழாது.

ஒரு சந்தேகம் மட்டும். அப்படி நிற்கும்போது தூக்கம் வருகிறது. அது மன அடக்கமா, சோம்பலா?

தை_ஜின்_ரோடு

தூக்கம்தான். கண்ணைப் பாதி திறந்து உட்காருங்கள், அல்லது எழுந்து நடந்து செய்யுங்கள். எங்கள் முறையில் உட்காருவதற்கு இணையாக நடைத் தியானமும் உண்டு. பொங்கோல் நீர்வழியில் காலையில் கூட்டம் இருக்காது.

துவாஸ்_தம்பி

அக்கா, ‘நான் யார்?’ புத்தகம் இங்கே எங்கே கிடைக்கும்? கைப்பேசியில் படிக்க முடிந்தால் நல்லது, அறையில் வைக்க இடமில்லை.

பார்ட்லி_மாணவி

ரமணாசிரமத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம் தம்பி, சில பக்கங்கள்தான். மூட்டை பற்றிய பகுதி பின்பாதியில் வரும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் வருவீர்கள் என்றால், விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகம் நடக்கிற தூரம்தான். குளிரூட்டி உண்டு, அமைதியாக உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.